கணக்கு முடித்து அனுப்புதல்: வன்னி உணவகங்களில் முகாமையாளரின் விலகல் உடன்படிக்கை

வவுனியாவிலிருந்து ஓமந்தை, மாங்குளம், கிளிநொச்சி என்று ஏ-9 வீதியில் போகிறவருக்கு இன்று சாப்பாட்டுக் கடைக்குப் பஞ்சமில்லை. 2002இல் பாதை திறந்தபோது முளைத்தவை 2008-09 இடப்பெயர்வோடு அழிந்தன. இப்போது இருப்பவை பெரும்பாலும் அதன் பிறகு எழும்பியவை. அவற்றில் ஓரளவு பெரிய எந்தக் கடையிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பார். சந்தையில் சாமான் எடுப்பதும், ரொட்டி மாஸ்டர் வராத நாளில் ஆள் பிடிப்பதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குப் பதில் சொல்வதும், இரவுக் கணக்கை லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அவர் வேலை. ஊரில் அவரை மனேஜர் என்பார்கள். நியமனக் கடிதம் பலருக்குக் கிடைத்திருக்காது. வேலையை விட்டுப் போகும் நாளில்தான் முதன்முதலாக அவருக்கு முன்னால் ஒரு கடதாசி வைக்கப்படுகிறது.

அந்தக் கடதாசியில் அநேகமாக இரண்டே வசனங்கள். எனக்குச் சேரவேண்டிய சகல கொடுப்பனவுகளையும் பெற்றுக்கொண்டேன். இனிமேல் எந்த உரிமையும் கோரமாட்டேன். கீழே முத்திரை, அதன் மேல் கையெழுத்து. இதோடு எல்லாம் முடிந்தது என்று முதலாளி நம்புகிறார். தனக்கு இனி வழியில்லை என்று மனேஜரும் நம்புகிறார். இருவர் நினைப்பும் பிழை. எதற்காக எவ்வளவு என்று சொல்லாத இந்தக் கடிதம் முதலாளியையும் காப்பாற்றாது, மனேஜரையும் கட்டிப்போடாது. சட்டம் தந்தே ஆகவேண்டும் என்று சொல்லும் பணத்தையும், விலகிப் போவதற்காக மேலதிகமாகக் கொடுக்கும் பணத்தையும் பிரித்து எழுதுவதில்தான் நல்ல உடன்படிக்கை தொடங்குகிறது. வன்னியில் அப்படி எழுதத் தடையாக நிற்பது சட்ட அறிவின் குறை மட்டுமில்லை. உண்மைச் சம்பளத்தைக் கடதாசியில் காட்ட முதலாளிமாருக்கு இருக்கும் பயம் அதைவிடப் பெரிய தடை.

முதலில், மனேஜர் என்பவர் தொழிலாளியா? எங்கள் பக்கத்தில் பலர் தமிழ்நாட்டுச் செய்தியைப் படித்துவிட்டு இல்லை என்கிறார்கள். 1947ஆம் ஆண்டின் இந்தியத் தொழில் தகராறுகள் சட்டம் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரைத் தொழிலாளி என்ற வரைவிலக்கணத்துக்கு வெளியே வைத்தது உண்மை. இலங்கையின் 1950ஆம் ஆண்டு 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அப்படிச் செய்யவில்லை. எந்தத் தகுதியிலாயினும் ஒரு தொழில்தருநரோடு ஒப்பந்தத்தின்கீழ் வேலை செய்பவர் அதன்படி தொழிலாளியே. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பதும் இல்லை, வாய்ப்பேச்சே போதும். ஆகவே தேநீர் ஆற்றுபவர் தொழில் நியாயசபைக்குப் போகலாம் என்றால் மனேஜரும் போகலாம். வேலை முடிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல் நீதியும் நியாயமுமான நிவாரணம் கொடுக்க நியாயசபைக்கு அதிகாரம் இருக்கிறது. விலகும்போது இருவரும் மனமொத்துச் செய்த உண்மையான இணக்கத்தை நியாயசபை சும்மா தூக்கி எறிவதில்லை. ஆனால் அது உண்மையில் இணக்கம்தானா என்று பார்க்கும்.

அடுத்தது 15 என்ற எண். 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிலாளரின் தொழிலை முடிவுறுத்தல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம், முந்திய ஆறு மாதங்களில் சராசரியாக 15 பேருக்குக் குறையாமல் வைத்திருந்த தொழில்தருநருக்குப் பொருந்தும். கடந்த 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் நிறுத்துவதென்றால் இரண்டே வழி. ஒன்று, அவருடைய எழுத்துமூல முன்சம்மதம். மற்றது, தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல முன்அனுமதி. இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் செல்லாது. ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினாலும், காரணத்தை இரண்டாம் வேலைநாள் முடியுமுன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இங்கே கணக்கிடுவது கடையின் ஆட்களையல்ல, முதலாளியின் ஆட்களை. வவுனியாக் கடையில் பத்துப் பேர், கிளிநொச்சிக் கடையில் எட்டுப் பேர் என்றால் ஒரே முதலாளிக்குப் பதினெட்டு. இரண்டு பலகை மாட்டியதால் இரண்டு தொழில்தருநர் ஆகிவிட்டோம் என்ற எண்ணத்தில் எழுதிய உடன்படிக்கைகள்தான் முதலில் கவிழ்கின்றன.

ஆணையாளர் நாயகம் அனுமதி கொடுக்கும்போது நட்டஈட்டையும் தீர்மானிப்பார். அதற்கான வாய்பாடு 2005 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. முதல் ஐந்து வருடங்களுக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறிலிருந்து பதினான்கு வரை இரண்டு மாதம், பதினைந்திலிருந்து பத்தொன்பது வரை ஒன்றரை, அடுத்த ஐந்துக்கு ஒன்று, அதற்குமேல் முப்பத்துநான்கு வரை அரை மாதம். உச்சவரம்பு அப்போது 12.5 இலட்சமாக இருந்தது, 2021இல் 25 இலட்சமானது. மேலே சொன்ன பதினெட்டுப் பேர் முதலாளியிடம் எட்டு வருடம் வேலை செய்த, 70,000 ரூபாய் சம்பளக்கார மனேஜர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து வருடத்துக்குப் பன்னிரண்டரை மாதம், மீதி மூன்றுக்கு ஆறு மாதம், மொத்தம் பதினெட்டரை மாதம், அதாவது 12,95,000 ரூபாய். இதற்கு வெளியே 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் வீதம் 2,80,000 ரூபாய். மனேஜர் சம்மதித்து விலகினால் இந்த வாய்பாட்டை அப்படியே பின்பற்றத் தேவையில்லை, பேசித் தீர்க்கலாம். ஆனாலும் பேச்சு தொடங்கும்போது இரு தரப்பும் இந்த 12,95,000ஐத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு இலட்சத்தைக் கையில் வைத்து முழுத் தீர்வு என்று எழுதி வாங்கிய கடிதத்தைப் பின்னர் படிக்கும் எவருக்கும், அந்தச் சம்மதம் எப்படி வந்தது என்ற கேள்விதான் முதலில் எழும்.

பதினைந்துக்குக் கீழே என்றால் தப்பினோம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வன்னிக் கடைகளில் பெரும்பாலானவை அந்த அளவுதான். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் தொடாது, பணிக்கொடைச் சட்டமும் நேரடியாகத் தொடாது. ஆனால் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவில் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு வாசகம் இருக்கிறது. பதினைந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் இடத்தில் வேலை செய்தவர், தனக்குப் பணிக்கொடை உண்டா, எவ்வளவு என்று கேட்டு நியாயசபைக்குப் போகலாம். வேலைநீக்கம் நியாயமற்றது என்ற முறையீட்டுக்கும் ஆள்தொகை தடையில்லை. அதாவது பெரிய கடைக்கு அட்டவணை இருக்கிறது, சின்னக் கடைக்கு நியாயசபைத் தலைவரின் மனச்சாட்சி இருக்கிறது. என்னைக் கேட்டால், சின்னக் கடைக்காரர்தான் உடன்படிக்கையை இன்னும் கவனமாக எழுத வேண்டும், ஏனென்றால் தொகையை முன்கூட்டிச் சொல்ல அவரிடம் வாய்பாடு இல்லை.

இந்தச் சிக்கல் எதுவும் இல்லாத உணவகமும் வன்னியில் உண்டு. வட மாகாண விவசாய அமைச்சின் முயற்சியில் வந்த அம்மாச்சி உணவகங்களில் பெண்கள் தாங்களே சமைத்துத் தாங்களே விற்கிறார்கள். சம்பளத்துக்கு வைத்த மனேஜரைச் சுற்றி நடக்கும் கடை அதுவல்ல. அதை வைத்து மற்றக் கடைகளுக்குப் பாடம் எடுப்பது கஷ்டம்.

சம்மதம் என்ற சொல்லுக்கு வருவோம். சட்டம் கேட்பது முன்சம்மதம். ஆளை நிறுத்தி ஒரு மாதம் கழித்து, நிலுவைச் சம்பளத்துக்கு வந்தவரிடம் முன்திகதி போட்டு வாங்கும் கையெழுத்து முன்சம்மதம் ஆகாது. அதைவிட மோசமானது பொலிஸ் நிலையத்தில் வாங்குவது. கல்லாவில் காசு குறைகிறது என்று முறைப்பாடு போகிறது. ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி பற்றிய, தண்டனைச் சட்டக்கோவையின் 391ஆம் பிரிவு நினைவூட்டப்படுகிறது. மாலையில், இராஜினாமா எழுதித்தந்தால் முறைப்பாட்டை விடுகிறோம் என்ற சமரசம் வருகிறது. குற்ற வழக்கை அமுக்குவதை விலையாக வைத்துச் செய்யும் உடன்படிக்கை பொதுக் கொள்கைக்கு முரணானது. பயத்தில் இட்ட கையெழுத்து இராஜினாமாவும் ஆகாது. காசு உண்மையிலேயே காணாமல் போயிருந்தால் முதலாளிக்கு நேரான வழி வேறு இருக்கிறது. எழுத்தில் குற்றச்சாட்டு, பதில் சொல்ல அவகாசம், ஒழுக்காற்று விசாரணை. அந்த விசாரணையில் மோசடியோ நட்டமோ உறுதியானால், நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையைப் பறிமுதல் செய்யச் சட்டமே இடம் தருகிறது. நட்டம் 60,000 என்றால் 60,000தான். அதைச் சாட்டாக வைத்து 2,80,000ஐயும் விழுங்க முடியாது.

2020உம் 2022உம் வேறொரு பழக்கத்தைக் கொண்டுவந்தன. கொரோனாக் காலத்தில் அரசும் தொழில்தருநர் தரப்பும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, வேலையில்லாத நாளுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், எது கூடவோ அது, என்று ஓர் இணக்கத்துக்கு வந்தன. வன்னிக் கடைகளில் அதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. 2022இல் காஸ் இல்லாமல் அடுப்பு அணைந்தபோது, "தம்பி, கொஞ்ச நாளைக்கு வீட்டை நில்லுங்கோ, காஸ் வந்தோடனை கூப்பிடுறன்" என்றார்கள். சொன்னவரும் மனதாரத்தான் சொன்னார். காஸ் வந்தது, கடை திறந்தது, கல்லாவில் வேறு ஆள். தற்காலிகமாக வேலை கொடுக்காதிருப்பதையும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் முடிவுறுத்தலாகவே எடுக்கிறது. ஆனால் அழைப்புக்காகக் காத்திருந்தவருக்கு நியாயசபையின் ஆறு மாதம் சத்தமில்லாமல் ஓடிப்போயிருக்கும். முதலாளிக்கும் இதில் நிம்மதி இல்லை. வேலை எந்த நாளில் முடிந்தது என்று தெரியாதவரை ஆறு மாதம் எப்போது முடிகிறது என்றும் தெரியாது. உடன்படிக்கையின் முதல் வரியில் வேலை தொடங்கிய திகதியும் முடிந்த திகதியும் வரவேண்டும் என்பது இதற்காகத்தான்.

தொடங்கிய திகதி வன்னியில் இலேசான விஷயமில்லை. 2003இல் கிளிநொச்சியில் ஒரு கடையில் சேர்ந்தவர், 2008இல் முதலாளியோடு சேர்ந்தே தருமபுரம், புதுக்குடியிருப்பு என்று ஓடி, செட்டிகுளம் முகாமில் இருந்து, 2010இல் அதே முதலாளி தகரக் கொட்டிலில் திரும்பக் கடை போட்டபோது வந்து சேர்ந்தார் என்று வையுங்கள். சேவைக்காலம் எங்கிருந்து? சம்பளப் புத்தகமும் வங்கிப் புத்தகமும் பங்கரோடு போய்விட்டன. நான் பார்த்த கடதாசிகளில் இந்தக் கேள்வியைத் தொட்டவை மிகக் குறைவு. இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டுவரை முதற்கட்டச் சேவை, போரினால் இடைவெளி, பிறகு இரண்டாம் கட்டம் என்று எழுதி, முதற்கட்டத்தைச் சேர்த்தோ சேர்க்காமலோ தொகை ஒத்துக்கொள்ளப்பட்டது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அதுவே வழக்கின் முதல் கேள்வியாகும்.

இனி, உண்மைச் சம்பளம். 70,000 வாங்கும் மனேஜருக்கு ஊழியர் சேமலாப நிதி 25,000க்கோ 30,000க்கோ கட்டப்பட்டிருக்கும். பலருக்கு அதுவும் இல்லை. 1958ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியரிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம் கேட்கிறது. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் கடமை உண்டு. 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். தாமதித்தால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்திலிருந்து 50 வீதம்வரை ஏறும். உணவகக்காரருக்கு இன்னொரு செய்தி: சேமலாப நிதிச் சட்டத்தில் உழைப்பூதியம் என்பதன் வரைவிலக்கணத்துக்குள் முதலாளி கொடுக்கும் சமைத்த உணவின் காசுப் பெறுமதியும் வருகிறது. மூன்று நேரச் சாப்பாடும் கடையில்தான் என்று பெருமையாகச் சொல்லி ஆள் சேர்ப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

ஆக, விலகல் உடன்படிக்கையில் கடைசிச் சம்பளம் 70,000 என்று எழுதினால் அது எட்டு வருடக் குறைகட்டுக்கு முதலாளியே தரும் சாட்சி. 30,000 என்று எழுதினால் பணிக்கொடை பாதிக்கும் கீழே போகும், மனேஜர் கையெழுத்து வைக்கமாட்டார். எனவே சம்பளத்தையே எழுதாமல், சகல கொடுப்பனவுகளும் என்று மூடி மறைக்கிறார்கள். அந்த மொட்டை வசனம் இப்படித்தான் பிறக்கிறது. சேமலாப நிதிக்குப் பதிலாகக் கையில் காசு தந்துவிட்டேன் என்று எழுதினாலும் கடமை தீராது. அந்தப் பணம் நிதியத்துக்குப் போகவேண்டும். முதலாளி செய்யக்கூடியது ஒன்றுதான்: நிலுவையை ஒத்துக்கொண்டு தொழில் அலுவலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டின் பிரதியை உடன்படிக்கையோடு இணைப்பது. வலிக்கும்தான். பின்னால் ஒரு முறைப்பாட்டோடு தொழில் அதிகாரி மற்ற எல்லா ஊழியரின் கணக்கையும் புரட்டத் தொடங்கினால் அதைவிட வலிக்கும்.

உறவுமுறை இன்னொரு முடிச்சு. வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பா காசு போட, பெறாமகன் கடை நடத்துகிறான். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு பெறாமகனின் பெயரில்; பிரதேச சபை அனுமதிப்பத்திரமும் வங்கிக் கணக்கும் அவன் பெயரில். இலாபத்தில் கால்பங்கு தருகிறேன் என்று பேச்சும் இருக்கும். பிரியும் நாளில் அவன் பங்காளியா, ஊழியனா? 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, முதல் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் இருக்கவேண்டும். இன்று 1,000 ரூபாய்க்குக் குறைந்த முதலில் ஒரு தேநீர்க் கேத்திலும் வாங்கமுடியாது. ஆகவே வாய்ப்பேச்சுப் பங்கு நீதிமன்றத்தில் நிற்காது. ஆனால் வாய்ப்பேச்சு வேலை ஒப்பந்தம் நியாயசபையில் நிற்கும். தன்னைப் பங்காளி என்று நினைத்து வருடக்கணக்கில் சம்பளம் கேளாமல் இருந்த பெறாமகனுக்குச் சட்டம் திறந்துவிடும் கதவு, தன்னை ஊழியன் என்று ஒத்துக்கொள்ளும் கதவுதான். இந்த வகை உடன்படிக்கையில் இரண்டு பாத்திரத்தையும் தனித்தனியாக முடிக்க வேண்டும். ஊழியனாக இவ்வளவு, இலாபத்தில் இவ்வளவு, பெயர்ப் பதிவும் அனுமதிப்பத்திரமும் வங்கிக் கையெழுத்தும் மாறும் நாள் இது.

வெளிநாட்டு முதலாளிகள் சிலர் அங்கத்தைய மாதிரிப் படிவத்தையே அனுப்புகிறார்கள். பிரித்தானியாவில் 1996ஆம் ஆண்டுத் தொழில் உரிமைகள் சட்டத்தின் 203ஆம் பிரிவு, ஊழியர் சுதந்திரமான ஆலோசகரிடம் ஆலோசனை பெற்று எழுத்தில் கையெழுத்திட்டால் முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுக்க அனுமதிக்கிறது. அமெரிக்காவில் நாற்பதோ அதற்கு மேலோ வயதானவர் வயதுப் பாகுபாடு பற்றிய உரிமையை விட்டுக்கொடுக்க, 21 நாள் யோசிக்கவும் 7 நாளுக்குள் பின்வாங்கவும் அவகாசம் தரவேண்டும். இலங்கைச் சட்டத்தில் இந்த ஏற்பாடு இல்லை, அந்தப் படிவங்களின் பாதுகாப்பும் இங்கே வராது. எண்களும் பிரிவுகளும் மாறாமல் அப்படியே கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்த ஆங்கிலப் பத்திரங்கள் சிரிப்பை வரவழைக்கும். ஆனால் அவற்றின் உள்ளே இருக்கும் நல்ல பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்: வரைவை மனேஜரிடம் தமிழில் கொடுங்கள், ஒரு கிழமை வீட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள், அவர் விரும்பும் சட்டத்தரணியிடம் காட்டச் சொல்லுங்கள், சட்டத்தரணியின் கட்டணத்தையும் நீங்களே கொடுங்கள். இவை நடந்தன என்று உடன்படிக்கையில் பதிவாகட்டும். நாளை சம்மதம் கேள்விக்குள்ளானால் முத்திரையைவிட இது உதவும்.

போட்டித் தடையில் எனக்கு நம்பிக்கை குறைவு. மூன்று வருடத்துக்கு வன்னியில் எந்த உணவகத்திலும் வேலை செய்யக்கூடாது என்று எழுதினால், அது நியாயமான அளவைத் தாண்டியது என்று நீதிமன்றம் ஒதுக்கிவிடும் வாய்ப்பே அதிகம். இந்தத் தொழில் தவிர வேறு தெரியாதவரின் வயிற்றில் அடிப்பதும் அது. முதலாளி உண்மையில் பாதுகாக்க வேண்டியவை சின்ன விஷயங்கள். கலியாணவீட்டு ஓடர்கள் வரும் தொலைபேசி எண் பெரும்பாலும் மனேஜரின் சொந்தச் சிம்மில் இருக்கும். முற்பணம் வாங்கிய ஓடர்களின் பட்டியல், கடன் வாடிக்கையாளரின் கொப்பி, மீன்காரருக்கும் கோழிப்பண்ணைக்கும் கொடுக்கவேண்டிய மீதி, காஸ் சிலிண்டர் வைப்புப் பணச் சீட்டு, முகநூல் பக்கத்தின் கடவுச்சொல் எல்லாம் அவர் கையில்தான். இவற்றை ஒவ்வொன்றாக எழுதி, ஒப்படைத்த திகதியோடு இரு தரப்பும் ஒப்பமிடட்டும். பதிலுக்குச் சேவைச் சான்றிதழ் ஒன்று, விலகியதற்கான காரணத்தில் கறை வராத சொற்களில், அன்றே கையில் கொடுக்கப்படட்டும். புது இடத்தில் வேலை தேடுகிறவருக்கு அது பணத்துக்குச் சமம்.

பணம் பற்றிய கடைசிச் சிக்கல், முதலாளியிடம் அது ஒரேயடியாக இல்லாமலிருப்பது. பணிக்கொடையை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். பிந்தினால் 10 வீதத்திலிருந்து 30 வீதம்வரை மேலதிகக் கட்டணம். ஆகவே தவணை போடுவதென்றால் பணிக்கொடையையும் நிலுவைச் சம்பளத்தையும் முதலில் தீர்த்து, விலகலுக்கான மேலதிகத் தொகையில் மட்டும் தவணை வைக்கவேண்டும். ஒவ்வொரு தவணையும் வங்கி மூலம் போகட்டும். ஒரு தவணை தவறினால் மிச்சம் முழுவதும் உடனே செலுத்தத்தக்கதாகும் என்ற வாசகம் தேவை. இன்னொரு வழியும் உண்டு. பிணக்காக எழுந்த விஷயத்தைத் தொழில் ஆணையாளர் அலுவலகத்தில் இணக்கமாகத் தீர்த்து, கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்கீழ்த் தீர்வுக் குறிப்பாக எழுதிக் கையெழுத்திட்டால், அதை மீறுவது குற்றமாகிறது. தனிப்பட்ட கடதாசிக்கு அந்தப் பலம் இல்லை. மாதா மாதம் 40,000 தருகிறேன் என்ற சொல்லை நம்பிக் கல்லாச் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிற மனேஜர், சாவியைக் கொடுக்குமுன் அந்த அலுவலகத்து மேசையில் கையெழுத்தை வாங்கிக்கொள்வது நல்லது.